சண்டை போடவில்லை, வேலைதான் செய்தார்

கலிபோர்னியாவில் என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் பெரியவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. சென்ற கோடையில் ஒரு மாலை, வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, நான் ஊரில் முப்பது ஆண்டுகள் சாலைப் பணியிலும் கல்குவாரியிலும் பொறியாளராக இருந்தவன் என்று தெரிந்ததும் அவர் தம் தந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "அப்பா இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தார். ஆனால் சண்டை போடவில்லை, வேலைதான் செய்தார்." அதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை. எனக்குத்தான் அந்தத் 'தான்' உறுத்தியது. தமிழில் இந்த ஒற்றை இடைச்சொல் ஒருவரைத் தூக்கியும் வைக்கும், தாழ்த்தியும் வைக்கும். 'அவர்தான் செய்தார்' என்றால் பெருமை. 'வேலைதான் செய்தார்' என்றால் அவ்வளவுதான் என்று கையை விரித்துவிடுவது. அவர் ஆங்கிலத்தில் பேசினார் என்றாலும் அந்தத் 'தான்' அங்கேயும் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. அன்று இரவு முழுவதும், அதன்பின் பல நாட்களும், அது என்னை விடவில்லை.

நாங்கள் இருக்கும் இடம் ஆக்ஸ்நார்டு. பக்கத்து ஊர் போர்ட் வைனீமி. ஆங்கில எழுத்துக் கூட்டலைப் பார்த்தால் யாரும் அப்படி வாசிக்க மாட்டார்கள். அந்நிலத்தின் பூர்வகுடிகளான சுமாஷ் மக்களின் சொல் அது. போர்க்காலத்தில் பசிபிக் தீவுகளுக்குப் போன கட்டுமானப் படையினரில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கப்பலேறியது. அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பட்டாலியன்களுக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக 'சி.பி.' என்று பெயர். அந்த இரண்டெழுத்தையே 'சீபீ', அதாவது கடல் தேனீ, என்று அவர்கள் ஆக்கிக்கொண்டார்கள். கடற்படை அந்தப் பெயருக்கு முறைப்படி ஒப்புதல் தந்தது 1942 மார்ச் 5 அன்று. ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் திருகுச்சாவி, ஒரு கையில் இயந்திரத் துப்பாக்கி என்று பறக்கும் தேனீச் சின்னத்தை வரைந்தவர் ரோட் ஐலண்டில் அலுவலகக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த பிராங்க் இயாஃப்ராட்டி என்ற எழுத்தர். அந்தத் தேனீயின் படம் போட்ட தடித்த புத்தகம் ஒன்றை மறுநாளே பெரியவர் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "உங்களுக்கு இது புரியும்" என்றார்.

பட்டாலியன் ஊர் திரும்பும்போது நினைவாக அச்சிட்டுக்கொள்ளும் புகைப்படத் தொகுப்பு அது. பள்ளி இறுதியாண்டு மலர் போலவே இருக்கும்: குழுப் படங்கள், சமையற்கூடம், தலைமுடி வெட்டுபவர், யாரோ ஒருவர் வளர்த்த நாய், கேலிச் சித்திரங்கள், நடுவே புல்டோசர்கள். பட்டாலியனின் எண்ணை நான் இங்கே எழுதவில்லை. குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். தந்தை கருங்கல் குவாரி ஒன்றில் பாறைக்கு வெடி வைப்பவராக இருந்தவர். 1942 இலையுதிர் காலத்தில், முப்பத்தேழாம் வயதில், தாமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்த வயது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, தொடக்கத்தில் சேர்ந்தவர்களின் சராசரி வயதே முப்பத்தேழு. பதினெட்டிலிருந்து ஐம்பது வரை எடுத்தார்கள். அறுபது தாண்டிய சிலரும் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டிருந்தார்கள். ஹூவர் அணையும் நெடுஞ்சாலைகளும் வானளாவிய கட்டடங்களும் எழுப்பிய தலைமுறை அது. சீபீக்காரனை அடித்துவிடாதே, அவன் உன்னோடு இருக்கும் மரீனின் அப்பாவாக இருக்கலாம் என்று, கடல்வழி வந்து கரையிறங்கிப் போரிடும் மரீன் படையினரிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.

புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த விடுவிப்புச் சான்றில் அவருடைய பதவி 'கன்னர்ஸ் மேட்' என்றிருந்தது, அதாவது பீரங்கியாளர். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சி.பி. கடற்படையில் வெடி வைப்பவர் என்றொரு பதவி அதற்கு முன் இருந்ததில்லை. ஆகவே இருக்கிற பதவிகளின் தலையில் புதிய தொழில்களைக் கட்டினார்கள். புல்டோசர் ஓட்டுபவர் இயந்திரப் பணியாளர் ஆனார், குழாய் பொருத்துபவர் கப்பல் பொருத்துநர் ஆனார், பாறைக்கு மருந்து வைப்பவர் பீரங்கியாளர் ஆனார். பெரியவர் சிறுவனாக இருந்தபோது அந்தச் சான்றை எடுத்துப் பார்த்துவிட்டு, பள்ளியில் போய், என் அப்பா பீரங்கி சுட்டவர் என்று பெருமையடித்திருக்கிறார். அது தந்தையின் காதுக்கு வந்திருக்கிறது. வகுப்புக்கே வந்து, பிள்ளைகள் முன்னால், "நான் பீரங்கியைத் தொட்டதில்லை, பாறைதான் உடைத்தேன், வேலைதான் செய்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பெரியவர் அதைச் சொல்லும்போது காது மடல் சிவந்தது. ஆக, அந்த வாக்கியம் மகனுடையது அல்ல, தந்தையுடையது. தந்தை எந்தப் பொருளில் சொன்னார், மகன் எந்தப் பொருளில் வாங்கிக்கொண்டார் என்பதுதான் என் குழப்பம்.

சீருடை எதற்காக

கட்டடத் தொழிலாளிக்குக் கடற்படைச் சீருடை எதற்கு என்ற கேள்விக்கு விடை பசிபிக் கடலின் நடுவே உள்ள வேக் தீவில் இருக்கிறது. 1941 இல் அந்தப் பவளத் தீவில் தளம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே வேக் தீவிலும் குண்டு விழுந்தது. டிசம்பர் 11 அன்று ஜப்பானியர் கரையிறங்க எடுத்த முதல் முயற்சியைச் சிறிய மரீன் படை முறியடித்தது. டிசம்பர் 23 அன்று தீவு வீழ்ந்தது. தொழிலாளர்களில் சிலர் மரீன்களோடு சேர்ந்து துப்பாக்கி தூக்கினார்கள். போர்ச் சட்டத்தின்படி அவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. சீருடை இல்லாதவன் ஆயுதம் எடுத்தால் அவன் படைவீரன் ஆக மாட்டான், பிடிபட்டால் சுட்டுவிடலாம். பெரும்பாலானோரைக் கைதிகளாக வெளியே கொண்டுபோன ஜப்பானியர், 98 பேரை மட்டும் கட்டுமான வேலைக்கென்று தீவிலேயே வைத்துக்கொண்டார்கள். 1943 அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் தாக்கிய பின், தீவின் தளபதி சகாய்பாராவின் ஆணைப்படி அந்த 98 பேரையும் கண்ணைக் கட்டிக் கொன்றார்கள். ஒருவர் மட்டும் தப்பியோடி, பிடிபடுவதற்கு முன் ஒரு பாறையில் '98 யு.எஸ். பி.டபிள்யூ. 5-10-43' என்று செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். பிடிபட்டதும் அவரையும் கொன்றார்கள். சகாய்பாரா 1947 இல் குவாமில் தூக்கிலிடப்பட்டார்.

அந்தப் பாறையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் நிற்பது 'பி.டபிள்யூ.' என்ற இரண்டு எழுத்துகளில். போர்க்கைதி. சம்பளப் பட்டியலில் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்த ஒருவர், தன்னைத் தேடி ஆட்கள் வந்துகொண்டிருக்கும் நேரத்தில், கல்லில் ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தும், தொழிலாளர்கள் என்று செதுக்காமல் போர்க்கைதிகள் என்று செதுக்கியிருக்கிறார். வேக் தீவைக் காக்கப் போரிட்ட தொழிலாளர்களைப் படைப் பணியாற்றியவர்களாக அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

இந்தத் தொழிலாளர்களின் நிலைதான் கடற்படையின் கட்டுமானத் துறைத் தலைவராக இருந்த பென் மொரீலை உடனே செயல்பட வைத்தது. வேக் வீழ்ந்த ஐந்தாம் நாள், 1941 டிசம்பர் 28 அன்று, கட்டுமானத் தொழிலாளர்களைக் கொண்டே ஒரு படைப்பிரிவை அமைக்க அவர் அனுமதி கேட்டார். 1942 ஜனவரி 5 அன்று கிடைத்தது. அவர் கடற்படைக் கல்லூரியில் படித்தவர் அல்லர், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படித்தவர். அடுத்ததாக ஒரு சட்டச் சிக்கல் வந்தது: போர்க்கடமைப் பிரிவின் அதிகாரிகளுக்கு மட்டுமே படைக்குத் தலைமை தாங்கும் உரிமை உண்டு, பொறியாளர்களுக்கு இல்லை என்பது கடற்படை விதி. மொரீல் அமைச்சர் பிராங்க் நாக்ஸ் வரை போய், 1942 மார்ச்சில் அந்த உரிமையைப் பொறியாளர்களுக்கு வாங்கித் தந்தார். வேலையைத் தெரிந்தவன்தான் வேலைக்குத் தலைமை தாங்க வேண்டும் என்ற எளிய விஷயத்துக்கு உலகப் போரின் நடுவில்கூட ஒரு கோப்பு மேலே போய் வர வேண்டியிருந்தது என்பதை நினைத்து, அரசுப் பணியோடு காலம் தள்ளிய நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

பெரியவரின் தந்தைக்கு வர்ஜீனியாவின் கேம்ப் பியரியில் படைப் பயிற்சி. அணிவகுப்பு, துப்பாக்கி, கொஞ்சம் கைச்சண்டை, சில வாரங்கள், அவ்வளவே. தொழிலை யாரும் கற்றுத்தரத் தேவையிருக்கவில்லை. அந்தச் சில வாரங்களுக்கு நேர்ப்பொருள் அவர்களைச் சண்டைக்காரர்கள் ஆக்குவது என்றாலும், சட்டத்தின் கண்ணில் அவற்றின் பயன் வேறு: பிடிபட்டால் போர்க்கைதி என்று கருதப்படும் தகுதி. இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் தலையாட்டினார், ஆனால் ஏற்கவில்லை. "அது சட்டம். அப்பா சண்டை போடவில்லை என்பது அப்படியேதானே இருக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி.

நாற்பது நிமிடம்

சீபீக்கள் சண்டை போட்டார்கள் என்று நிறுவ விரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் எடுப்பார்கள். 1943 அக்டோபர் 27, டிரெஷரி தீவுகள். அரேலியோ டாஸோன் என்பவர் தம் புல்டோசரின் முன்தகட்டைக் கேடயமாக உயர்த்திக்கொண்டு, ஜப்பானியரின் துப்பாக்கி அரண் ஒன்றை நோக்கி ஓட்டிச் சென்று, தகட்டை இறக்கி, உள்ளே இருந்தவர்களோடு அதை மண்ணுக்குள் புதைத்தார். பக்கத்தில் லெப்டினன்ட் சார்லஸ் டர்ன்புல் துப்பாக்கியால் காப்புக் கொடுத்துக்கொண்டே ஓடினார். டாஸோனுக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. துணிச்சலான செயல், சந்தேகமில்லை. ஆனால் மூன்றே கால் லட்சம் பேர் பணியாற்றிய ஒரு படையை விளக்க இந்த ஒரு கதையை எடுப்பது, புல்டோசரும் ஆயுதமாக மாறும்போதுதான் மதிப்புப் பெறுகிறது என்று ஒப்புக்கொள்வதாகிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. போர்ட் வைனீமியில் உள்ள சீபீ அருங்காட்சியகத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் மகளிடம் இதைச் சொன்னேன்; "உங்களுக்கு ஜல்லியும் ரோலரும் இருந்தால்தான் கதை" என்றாள். உண்மைதான். என்னைக் கேட்டால் நான் எடுப்பது சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனால்.

1942 ஆகஸ்டில் மரீன்கள் அந்தத் தீவில் ஜப்பானியர் கட்டி முடிக்காமல் விட்டிருந்த விமான ஓடுபாதையைக் கைப்பற்றினார்கள்; அதற்கு ஹெண்டர்சன் ஃபீல்டு என்று பெயரிட்டார்கள். ஆறாம் பட்டாலியன் செப்டம்பர் 1 அன்று அங்கே இறங்கியது. பகலில் விமானங்கள் குண்டு போட்டன, இரவில் போர்க்கப்பல்கள் சுட்டன. ஓடுபாதையில் பள்ளம் இருந்தால் அமெரிக்க விமானம் எழும்பவும் முடியாது, வானிலிருக்கும் விமானம் எரிபொருள் தீர்வதற்குள் இறங்கவும் முடியாது. தளபதி ஜோசப் பிளண்டன் செய்தது, ஒரு நல்ல களப் பொறியாளர் செய்யக்கூடியது: பள்ளத்தை அளந்தார். 500 பவுண்டு குண்டு ஒன்று விழுந்தால் எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்கிட்டு, சரியாக அந்த அளவு மணலும் சரளையும் ஏற்றிய லாரிகளை ஓடுபாதையோரம் மறைவில் நிறுத்திவைத்தார். ஒரு குண்டு சுமார் 1,600 சதுர அடி எஃகு விரிப்பைக் கிழிக்கிறது என்று கண்டு, அந்த அளவுக்கான தகடுகளைக் கட்டுக் கட்டாக ஆங்காங்கே அடுக்கிவைத்தார். காற்றழுத்த இடிகருவிகளும் தயாராக நின்றன. நூறு பேர் சேர்ந்து, ஒரு பள்ளத்தை நிரப்பி, இடித்து, தகடு மாற்றி முடிக்க ஆன நேரம் நாற்பது நிமிடம்.

இந்தக் கணக்கை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், பழக்கம் விடுமா? 'மார்ஸ்டன் மேட்' எனப்பட்ட அந்தத் துளையிட்ட எஃகுத் தகடு ஒன்று பத்தடி நீளம், பதினைந்து அங்குல அகலம், 66 பவுண்டு எடை. 1,600 சதுர அடிக்கு ஏறத்தாழ 128 தகடுகள். எடை நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதையும் கிழிந்து வளைந்த பழைய தகடுகளை முதலில் பிரித்து இழுத்துப் போட்ட பிறகுதான் பொருத்த முடியும். ஒவ்வொரு தகட்டின் கொக்கியும் அடுத்த தகட்டின் துளையில் விழ வேண்டும், அவசரத்தில் ஒன்று கோணினால் வரிசையே கோணும். தலைக்கு மேலே எரிபொருள் குறைந்துகொண்டிருக்கும் விமானம் வட்டமிட, அடுத்த குண்டு எப்போது வரும் என்று தெரியாமல், நாற்பது நிமிடம். எங்கள் நெடுஞ்சாலையில் ஒரு குழியை அடைக்க மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர், அளவைப் புத்தகம் என்று நாற்பது நாள் ஆனதையும் நான் பார்த்திருக்கிறேன் என்பதால், இந்த எண்ணின் முன் நான் கொஞ்சம் வணங்கியே நிற்கிறேன். இந்த நூறு பேரில் ஒருவர்கூட அந்த நேரத்தில் துப்பாக்கியால் சுடவில்லை. சுட்டிருந்தால் பள்ளம் மூடியிருக்காது.

ஆனால் இங்கே நான் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டுப் போக முடியாது. வேலையும் போர்தான் என்று நான் வாதாடினால், அந்த வேலையின் விளைவையும் வேலை செய்தவர் கணக்கில் எழுத வேண்டும். பெரியவரின் தந்தை கடைசியாக இருந்த இடம் டினியன். 1944 ஜூலை 24 அன்று மரீன்கள் இறங்கி, ஆகஸ்டு 1 அன்று கைப்பற்றிய, கரும்புத் தோட்டங்கள் நிறைந்த சிறு தீவு. சுமார் 15,000 சீபீக்கள் அதை ஒரு விமானத் தளமாக மாற்றினார்கள். வடக்குத் தளத்தில் மட்டும் தலா 8,500 அடியில் நான்கு ஓடுபாதைகள். தீவின் வடிவம் மன்ஹாட்டன் போல இருந்ததால் சாலைகளுக்குப் பிராட்வே, 42 ஆம் தெரு என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். அடித்தளம் முழுவதும் பவளக்கல். அதை வெடி வைத்து உடைத்து, அள்ளி, பரப்பி, நனைத்து ரோலர் ஓட்டினால் சிமெண்டு போல இறுகும்; மேலே தார்க் கலவை. குண்டும் எரிபொருளுமாக அறுபது டன் எடையோடு ஓடும் பி-29 விமானத்தைத் தாங்க வேண்டிய தளம் அது. அங்கிருந்துதான் ஜப்பானிய நகரங்களின் மேல் தீக்குண்டு போட விமானங்கள் இரவிரவாகக் கிளம்பின. 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமா மேல் அணுகுண்டு போட்ட எனோலா கே விமானம் ஓடி எழுந்தது வடக்குத் தளத்தின் முதல் ஓடுபாதையில்.

தந்தை இதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லையாம். ஒருமுறை மட்டும், தொலைக்காட்சியில் ஹிரோஷிமா பற்றி ஏதோ ஓடிக்கொண்டிருந்தபோது, எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "நான் கல்தான் உடைத்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாராம். மகன் அதையும் முன்னதைப் போலவே தந்தையின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. பள்ளியில் சொன்ன 'தான்' பொய்ப் பெருமை வேண்டாம் என்று தள்ளியது. தொலைக்காட்சி முன்னால் சொன்ன 'தான்' வேறொரு பாரத்தைத் தள்ளியது. ஒரே சொல்தான், இரண்டு கதவுகளை மூடப் பயன்பட்டிருக்கிறது. நான் இதைப் பெரியவரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் நினைக்கிறேன். சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தோட்டத்தில் தண்ணீர் திறந்துவிட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த ஒரு வாரம் அவரைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு எண்கள்

அந்த ஒரு வாரத்தில்தான் கடற்படையின் அதிகாரபூர்வ வரலாற்றில் அந்த இரண்டு எண்களையும் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் தாக்குதலில் இறந்த சீபீக்கள்: 272 படையினர், 18 அதிகாரிகள், ஆக 290 பேர். விபத்துகளில் இறந்தவர்கள்: ஐநூறுக்கும் மேல். கட்டுமானம் இயல்பிலேயே ஆபத்தான தொழில் என்று ஒரு வரி விளக்கம். நாடே போரில் இருந்தபோது, உலகின் மிகக் கொடூரமான போர்க்களங்கள் சிலவற்றில் வேலை செய்த ஒரு படையில், எதிரியை விட வேலை அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. வண்டி கவிழ்ந்தும், கிரேன் கம்பி அறுந்தும், பாறை சரிந்தும், வெடி முந்தியும் பிந்தியும் வெடித்தும் போனவர்கள். எதிரியின் கையால் காயம் பட்டவருக்கே ஊதா இதயப் பதக்கம் என்பது விதி. குவாரியில் போனவருக்கு அது கிடையாது. பெரியவரின் தந்தைக்கு டினியன் குவாரியில் இடது காது போயிருந்தது. சாப்பாட்டு மேசையில் எப்போதும் வலப்பக்கம் திரும்பித்தான் கேட்பாராம். அதற்கும் பதக்கம் இல்லை. பள்ளித் தோழர்கள் தந்தையரின் பதக்கங்களைக் கொண்டுவந்து காட்டியபோது காட்ட எதுவும் இல்லாத சிறுவன், அப்பா சண்டை போடவில்லை என்று முடிவு கட்டியதில் என்ன தவறு?

அந்த 'ஐநூறுக்கும் மேல்' என்பதை வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது டினியன் அல்ல. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்குவாரி, 1990களின் தொடக்கம், ஒரு நெடுஞ்சாலை அகலப்படுத்தும் பணிக்கு ஜல்லி அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் வெடிக்காமல் நின்றுபோன ஒரு குழியில் மருந்து மிச்சம் இருந்திருக்கிறது. அதைக் குறித்துவைத்து மறுநாள் காலை ஆட்களிடம் சொல்ல வேண்டியது ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு, யாரும் சொல்லவில்லை. குழி போடும் தொழிலாளி, பாதி போட்டிருக்கும் குழிதானே, வேலை மிச்சம் என்று அதிலேயே டிரில்லை இறக்கினார். நான் அறுபது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மாலையில் விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்துக்கு நேரே 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினேன். எழுதச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் எழுதியது என் கை. அன்று மாலை அந்தக் கட்டத்தில் இரண்டு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து சொல்லுக்கு இடம் இருந்தது. 'பழைய குழி, முன்னறிவிப்பு தரப்படவில்லை' என்று எழுதியிருக்கலாம்.

இதைச் சொல்லுவதால் டினியன் குவாரியும் செங்கல்பட்டுக் குவாரியும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒன்று போர், மற்றது பிழைப்பு. ஆனால் இரண்டிலும் இறந்தவனின் கணக்கு, எதனால் இறந்தான் என்று எழுதுகிறவரின் கையில் இருக்கிறது. இங்கே போர்ட் வைனீமியிலேயே, 1945 மார்ச்சில், முப்பத்துநான்காம் பட்டாலியனைச் சேர்ந்த ஆயிரம் பேர் அளவிலான கறுப்பினச் சீபீக்கள் இரண்டு நாள் உண்ண மறுத்தார்கள். சாலமன் தீவுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள். தகுதி இருந்தும் பதவி உயர்வெல்லாம் வெள்ளையருக்கே போனதற்கு எதிர்ப்பு. உணவைத்தான் மறுத்தார்கள், வேலையை மறுக்கவில்லை. இரண்டு நாளும் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனார்கள். பின்னர் அந்தப் பட்டாலியனின் தளபதி மாற்றப்பட்டார். வேலையை நிறுத்தியிருந்தால் போர்க்காலக் கலகம் என்ற குற்றம் வந்திருக்கும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என் கணிப்பு, எங்கள் வேலையில் குறை சொல்ல உங்களுக்கு எதுவும் கிடைக்காது என்று காட்டுவதும் அதில் இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பெரியவர் மீண்டும் வந்தார். கோபமெல்லாம் இல்லை, இருமலும் சளியுமாக இருந்தது என்றார், அப்படியே வைத்துக்கொள்வோம். புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். வெண்பாறைச் சுவர் ஒன்றின் முன்னால் சட்டையில்லாமல் ஐந்து பேர். நடுவில் இருப்பவர் தந்தை. தம் உயரத்தை விடக் கூடுதலான ஒரு கோலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார். "இது என்ன கொடிக்கம்பமா? சின்ன வயதில் ஈட்டி என்று நினைத்தேன்" என்றார்.

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அது மருந்து இடிக்கும் மரக்கோல். பாறையில் குழி போட்டபின் வெடிமருந்துத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, இந்தக் கோலால்தான் மெல்ல அழுத்த வேண்டும். இரும்புக் கம்பியைத் தொடவே கூடாது. கல்லில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும். கடைசித் தோட்டாவில் டெட்டனேட்டர் செருகியபின் அதை அழுத்துவதே கிடையாது, மேலே மண்ணைத்தான் மெதுவாகக் கெட்டிக்க வேண்டும். கோலின் நுனி நார் நாராகப் பிரிந்து மழுங்கியிருப்பது அந்தப் பழைய படத்திலும் நன்றாகத் தெரிந்தது. அப்படி மழுங்க நூற்றுக்கணக்கான குழிகளாவது போட்டிருக்க வேண்டும். சுவரின் மேல்விளிம்பில் வரிசையாகச் சிறு குச்சிகள் நட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துணித்துண்டு. எத்தனை குழி வெடித்தது, எது நின்றது என்று எண்ணிக் குறிப்பதற்கு நாங்களும் அப்படித்தான் நடுவோம், நட வேண்டும். ஒரு குச்சியில் மட்டும் இரண்டு துண்டுகள் கட்டியிருந்தன.

"இது ஏன் இரண்டு?" என்று கேட்டார்.

வெடிக்காமல் நின்ற குழியாக இருக்கும், யாரும் பக்கத்தில் போய்விடக் கூடாது என்பதற்காகக் கட்டியிருப்பார் என்றேன். அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மீண்டும் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு குழியை முதலிலிருந்து எப்படிப் போடுவார்கள், எவ்வளவு ஆழம், மருந்து எவ்வளவு, யார் கடைசியாக விலகிப் போவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக விலகுகிறவர் மருந்து வைத்தவர்தான் என்றேன். அதை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.